உதிர்ந்த கெப்பாசிட்டர்: அப்படியே விடுவதா, கடைக்குக் கொடுப்பதா, நாமே வைப்பதா?

தூசு தட்டலாம் என்றுதான் கேபினெட்டைத் திறந்தேன். கிராபிக்ஸ் கார்டைக் கழற்றும்போது ஸ்லாட்டின் முனையில் இருக்கும் பிளாஸ்டிக் கொக்கியைச் சரியாக அமுக்கவில்லை, கார்டு பாதி வந்து நின்றது, கொஞ்சம் பலமாக இழுத்தேன், சட்டென்று சாய்ந்து வெளியே வந்தபோது அதன் பின்பக்கம் கேபினெட்டின் தகர விளிம்பில் சரக்கென்று உரசியது. திருப்பிப் பார்த்தால், ஸ்லாட்டுக்குள் போகும் தங்க நிறப் பற்களுக்குக் கொஞ்சம் மேலே வரிசையாக இருந்த கெப்பாசிட்டர்களில் (மின்சாரத்தைக் கொஞ்சம் தேக்கி வைக்கும் ரவை அளவுப் பாகங்கள்) ஒன்றைக் காணோம். இன்னொன்று ஒரு முனை பெயர்ந்து, ஆடும் பல் மாதிரி நின்றது.

கார்டு ஜிடிஎக்ஸ் 1660 சூப்பர், 2020 ஜனவரியில் வாங்கியது. வாரண்டி மூன்று வருடம், அது முடிந்து நாளாகிவிட்டது. பின்பக்கத் தகடு இல்லாத மாடல், அதனால்தான் உரசியதும் நேராகப் பாகங்களில் பட்டது. அன்றிலிருந்து ஒரு மாதம் இதே யோசனை: அப்படியே ஓட்டுவதா, சர்வீஸ் கடைக்குக் கொடுப்பதா, மொபைல் ரிப்பேர் செய்பவரிடம் கேட்பதா, நானே சால்டரிங் செய்வதா (ஈயத்தை உருக்கி ஒட்டுவதா), கழித்துவிட்டு வேறு கார்டு வாங்குவதா. எல்லாவற்றையும் விசாரித்து, சிலவற்றைச் செய்தும் பார்த்துவிட்டேன். இதே நிலையில் நிற்கும் யாருக்காவது உதவும் என்று எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எந்த இடத்துப் பாகம் விழுந்தது என்று தெரியாமல் எந்தக் கடைப் படியும் ஏறாதீர்கள், சால்டரிங் அயர்னையும் சூடு பண்ணாதீர்கள். ஒரே மாதிரி தெரியும் இரண்டு ரவைத் துணுக்குகளில் ஒன்று போனால் கார்டுக்கு ஒன்றுமே ஆகாது, இன்னொன்று போனால் திரையே வராது. எந்த வழி சரி என்பது அந்த இடத்தைப் பொறுத்து அடியோடு மாறும்.

கார்டை மூன்று பேட்டைகளாகப் பிரித்துப் பாருங்கள். பற்களுக்கு மேலே ஜோடி ஜோடியாக ஒரே சீராக நிற்பவை ஒரு பேட்டை. பின்பக்கம் சரியாகக் கார்டின் முக்கியச் சிப்புக்கு நேர் கீழே கும்பலாக இருப்பவை இரண்டாவது. மின்சாரம் வரும் சாக்கெட், கருப்புச் சதுரக் காயில்கள், மாஸ்ஃபெட்டுகள் (மின்சாரத்தை விட்டு நிறுத்தும் சுவிட்ச் பாகங்கள்) இருக்கும் பக்கம் மூன்றாவது. இந்த மூன்றில் எதில் அடிபட்டது என்பதை நல்ல வெளிச்சத்தில், முடிந்தால் போனில் ஜூம் செய்து படம் எடுத்துப் பாருங்கள். விழுந்த துணுக்கைத் தேடி எடுப்பதும் முக்கியம். கார்டின் இடுக்கிலோ பின்தகட்டுக்கு அடியிலோ அது ஒளிந்திருந்தால், மின்சாரம் கொடுத்ததும் எதையாவது ஷார்ட் பண்ணிவிடும். நான் தரையில் வெள்ளைத் துணி விரித்து கார்டைத் தட்டி, பிறகு டார்ச்சைத் தரையோடு தரையாகச் சாய்த்து அடித்துத் தேடினேன். நிழல் நீளமாக விழுவதால் சின்னத் துணுக்கும் தெரிந்துவிடும்.

அப்புறம் மல்டிமீட்டர். 12 வோல்ட் வரும் பின்னுக்கும் கிரவுண்டுக்கும் நடுவே ரெசிஸ்டன்ஸ் பாருங்கள். பூஜ்யத்துக்குப் பக்கத்தில் காட்டினால் ஷார்ட், கார்டைப் போர்டில் செருகவே கூடாது. இங்கே நிறையப் பேர் குழம்புகிற இடம் ஒன்று உண்டு. சிப்புக்கு மின்சாரம் கொடுக்கும் காயிலில் வைத்துப் பார்த்தால் ஒரு ஓம், பெரிய கார்டுகளில் அதற்கும் கீழே காட்டும், அது ஷார்ட் கிடையாது. ஒரு வோல்ட்டை ஒட்டிய மின்னழுத்தத்தில் நூறு ஆம்பியர் வரைகூடக் குடிக்கிற சிப்புக்கு அந்த அளவு குறைந்த ரெசிஸ்டன்ஸ் இயல்பு. இதைப் பார்த்து பயந்து நல்ல கார்டைக் குப்பையில் போட்டவர்களை எனக்குத் தெரியும்.

என்னுடையது பற்களுக்கு மேலே, முதல் பேட்டை. இந்தக் கெப்பாசிட்டர்களின் வேலை என்னவென்றால், கார்டு மதர்போர்டுக்கு அனுப்பும் சிக்னலில் ஏற்ற இறக்கத்தை மட்டும் விட்டு, நிலையாக இருக்கும் டிசி மின்னழுத்தத்தை மறித்துவிடும். கார்டும் மதர்போர்டும் பேசிக்கொள்ளும் ஒவ்வொரு பாதைக்கும் லேன் என்று பெயர். ஒரு லேனுக்கு இரண்டு, 16 லேனுக்கு 32. ஒன்று போனால் அந்த லேன் போச்சு. ஒரு லேன் போனால் மிச்சம் 15 ஓடுமா என்றால் ஓடாது. 16 இல்லையென்றால் 8, அதுவும் முடியாவிட்டால் 4, அப்புறம் 1, இப்படித்தான் வழக்கமாக இறங்கும். அதனால் எத்தனை கெப்பாசிட்டர் விழுந்தது என்பதைவிட எந்த லேனுடையது என்பது பெரிய விஷயம்.

அதை ஒரு ஸ்கேல் வைத்தே கண்டுபிடிக்கலாம், இது எனக்கு மிகவும் பிடித்த விஷயம். பிசிஐ எக்ஸ்பிரஸ் (கார்டு செருகும் இந்த ஸ்லாட் வகையின் பெயர்) பற்கள் சரியாக ஒரு மில்லிமீட்டருக்கு ஒன்று. மானிட்டர் ஒயர் செருகும் பக்கம் சின்னத் துண்டாகக் கொஞ்சம் பற்கள், பிறகு ஒரு வெட்டு, பிறகு நீளமான வரிசை. அந்த வெட்டிலிருந்து அளந்தால் முதல் 7 மில்லிமீட்டருக்குள் பூஜ்ய எண் லேன், 21 வரை அடுத்த மூன்று, 38 வரை இன்னும் நான்கு, அதற்கு அப்பால் கடைசி எட்டு. கெப்பாசிட்டர்கள் ஏறத்தாழ அவரவர் பற்களுக்கு நேராகவே இருக்கும், சந்தேகம் வந்தால் பல்லிலிருந்து போகும் கோட்டை லென்ஸில் பார்த்துத் தொடர்ந்து போகலாம். என்னுடையதில் ஆடிக்கொண்டிருந்தது 28 மில்லிமீட்டரில், காணாமல் போனது 45-ல். அப்படியானால் கார்டு 4 லேனில்தான் ஓட வேண்டும். ஷார்ட் இல்லை என்று பார்த்துவிட்டுச் செருகி, கார்டின் விவரங்களைக் காட்டும் ஜிபியு-இசட் என்ற புரோகிராமைத் திறந்து, பஸ் இன்டர்ஃபேஸ் என்ற வரியைப் பார்த்தேன். 16 லேன் கார்டு, ஓடுவது 4-ல். கணக்கு அப்படியே பொருந்தியது.

சரி, இனி ஒவ்வொரு வழியாகப் பார்க்கலாம்.

வாரண்டி உள்ளவர்களுக்கு ஒரே பேச்சு, கையை வைக்காதீர்கள். ஆனால் பாகம் உடைந்து விழுந்தது என்றால் பொதுவாக அது உரிமையாளர் பக்கத்துச் சேதம் என்று இலவச ரிப்பேரை மறுத்துவிடுவார்கள். மறைக்காமல் நடந்ததைச் சொல்லி, காசு கொடுத்தாவது சரிசெய்து தர முடியுமா என்று கேளுங்கள். சிலர் வீட்டில் அரைகுறையாக ஈயம் வைத்துவிட்டு ஒன்றும் தெரியாத மாதிரி அனுப்புகிறார்கள். அங்கே லென்ஸ் வைத்துப் பார்ப்பவருக்குப் பிளக்ஸ் (ஈயம் நன்றாக ஒட்டத் தடவும் பசை) கறை பளிச்சென்று தெரியும், அதோடு கதை முடிந்தது.

அப்படியே விட்டுவிடுவது என்ற வழியை யாரும் மதிப்பதில்லை. பல சமயம் அதுதான் நல்ல வழி. மூன்றாம் தலைமுறை பிசிஐ எக்ஸ்பிரஸில் 16 லேன் என்றால் நொடிக்குக் கிட்டத்தட்ட 16 ஜிபி, 8 என்றால் 8 ஜிபி, 4 என்றால் 4 ஜிபி. 1660 சூப்பர் மாதிரி நடுத்தரக் கார்டு 8 லேனில் ஓடினால் விளையாடும்போது வித்தியாசம் கண்ணுக்கே தெரியாது. 4-க்கு இறங்கும்போதுதான் வலிக்கும், அதுவும் கார்டின் மெமரி நிறைந்து வழியும்போது. 2022 ஜனவரியில் வந்த ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி கார்டு இதற்கு நல்ல உதாரணம். பிறவியிலேயே அதற்கு 4 லேன்தான், மெமரி 4 ஜிபி. நான்காம் தலைமுறைப் போர்டில் ஏதோ சமாளித்தது, பழைய மூன்றாம் தலைமுறைப் போர்டில் போட்டவர்களுக்குச் சில கேம்களில் பிரேம் எண்ணிக்கை மடமடவென்று விழுந்தது. என் கார்டில் 6 ஜிபி இருப்பதால் அந்த அளவு மோசமில்லை, இருந்தாலும் புது இடத்துக்குள் நுழையும்போது திக்கித் திக்கி ஓடுவது நன்றாகவே தெரிந்தது. ஆகவே என் தீர்ப்பு: 8 லேனில் நின்றுவிட்டால் விட்டுவிடுங்கள், 4 என்றால் சரிசெய்யலாம், 1 என்றாலோ கார்டே தெரியவில்லை என்றாலோ சரிசெய்தே ஆக வேண்டும்.

சிப்புக்குப் பின்னால் இருக்கும் இரண்டாவது பேட்டைக்கும் இதே பேச்சு பெரும்பாலும் பொருந்தும். சிப் திடீரென்று அதிக மின்சாரம் இழுக்கும்போது மின்னழுத்தம் துவளாமல் தாங்கிப் பிடிப்பவை அவை, கூட்டமாக ஒரே வேலையைச் செய்பவை. அதில் ஒன்று போனால் கார்டு பெரும்பாலும் கவலைப்படாது. அதற்காக அவை சும்மா இருக்கின்றன என்று நினைக்க வேண்டாம். 2020 செப்டம்பரில் ஆர்டிஎக்ஸ் 3080 வந்த புதிதில் சில கம்பெனிக் கார்டுகள் 2000 மெகாஹெர்ட்ஸை ஒட்டிப் போகும்போது கேம் அப்படியே மூடிக்கொண்டது நினைவிருக்கலாம். சிப்புக்குப் பின்னால் ஆறு இடங்கள், ஒவ்வொன்றிலும் ஒரு பெரிய பாலிமர் கெப்பாசிட்டரோ பத்துச் சின்னச் செராமிக் கெப்பாசிட்டரோ வைக்கலாம், எந்தக் கம்பெனி எதை எவ்வளவு வைத்தது என்று ஊரே எண்ணிக்கொண்டிருந்தது. கடைசியில் என்விடியா விட்ட புது டிரைவரிலேயே பிரச்சினை பெரும்பாலும் அடங்கியது. உங்கள் கார்டில் இந்தக் கும்பலில் ஒன்று போய், பேட்கள் (பாகம் ஒட்டியிருந்த குட்டிச் செம்புச் சதுரங்கள்) ஒன்றோடொன்று ஒட்டாமல் சுத்தமாக இருந்தால், முதலில் ஓட்டிப் பாருங்கள். கனமான கேமில் மட்டும் தடுமாறினால் வேகத்தை ஐம்பது நூறு மெகாஹெர்ட்ஸ் குறைத்துப் பாருங்கள். அந்த இடத்தில் சால்டரிங் செய்வது எவ்வளவு கஷ்டம் என்று கீழே சொல்கிறேன், அதைப் படித்தால் விட்டுவிடலாம் என்றே தோன்றும்.

மூன்றாவது பேட்டையில் கதை வேறு. அங்கே 12 வோல்ட் நிற்கிறது, விரிசல் விட்ட செராமிக் கெப்பாசிட்டர் உள்ளுக்குள் ஷார்ட் ஆகிவிடும், கம்ப்யூட்டரே ஆன் ஆகாது. என் நண்பனின் ஆர்எக்ஸ் 580 அப்படித்தான் போனது, பவர் பட்டனை அழுத்தினால் ஃபேன் ஒரு சுற்றுச் சுற்றி நின்றுவிடும். இதற்கு வீட்டு வைத்தியம் வேண்டாம், சிப் லெவல் வேலை தெரிந்தவர் வேண்டும். அவர் செய்ததைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். பென்ச் பவர் சப்ளையில் ஒரே ஒரு வோல்ட் வைத்து ஷார்ட் ஆன லைனில் கொடுத்தார், போர்டு மேல் ஐசோபுரோபைல் ஆல்கஹாலைத் தெளித்தார். எல்லா இடமும் ஈரமாக இருக்க ஒரே ஒரு கெப்பாசிட்டர் மேல் மட்டும் சட்டென்று உலர்ந்து வெளுத்தது. அதுதான் சூடாகும் பாகம், அதுதான் ஷார்ட். அதைக் கழற்றியதும் ஷார்ட் போய்விட்டது. அதே லைனில் அதே வேலைக்கு இன்னும் பல இருந்ததால் அது இல்லாமலே கார்டு ஓடுகிறது, பின்னால் அவர் இன்னொன்று வைத்தும் கொடுத்தார். இந்த வேலைக்கு அவர் கேட்டதைக் கொடுக்கலாம். அதில் இருப்பது பல வருடக் கைப்பழக்கம்.

இதிலிருந்து சர்வீஸ் கடைக்கு வருகிறேன். சென்னையில் எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவில் மூன்று இடத்தில் கேட்டேன். ஒருவர் போர்டு வேலை எடுப்பதில்லை என்று நேர்மையாகச் சொல்லிவிட்டார். இன்னொருவர் வைத்துவிட்டுப் போங்கள், வாரம் கழித்துச் சொல்கிறேன் என்றார். மூன்றாவது கடையில், பெயர் வேண்டாம், கார்டைத் திருப்பிக்கூடப் பார்க்காமல் ரீபாலிங் பண்ண வேண்டும், 5,500 ரூபாய் என்றார்கள். ரீபாலிங் என்பது சிப்பையே போர்டிலிருந்து எடுத்து, அடியிலிருக்கும் ஈய உருண்டைகளைப் புதிதாக வைத்து மறுபடி உட்கார வைப்பது. என் கார்டில் படம் சுத்தமாக வருகிறது, ஒரு கோடு இல்லை, ஒரு புள்ளி இல்லை, கேம் ஓடுகிறது. சிப்பிலோ மெமரியிலோ குறை இருக்கிறது என்பதற்கு அங்கே ஒரு அறிகுறியும் கிடையாது. நல்ல சிப்பை எடுத்து 200 டிகிரிக்கு மேல் சுடவைத்து மறுபடி வைப்பதால் வரக்கூடியது புதுப் பிரச்சினை மட்டும்தான்.

ரீபாலிங், ரீஃப்ளோ (சிப்பை எடுக்காமலே சூடாக்கி அடியிலுள்ள ஈயத்தை உருக்குவது), கார்டை ஓவனில் வைத்து எடுப்பது, இந்த வைத்தியங்கள் எங்கிருந்து வந்தன என்று தெரிந்தால் எப்போது மறுக்க வேண்டும் என்றும் தெரியும். 2008 ஜூலையில் என்விடியா, தன் பழைய சிப்புகள் சில அதிகமாகச் செத்துப்போவதை ஒப்புக்கொண்டு, அதற்காக 150 முதல் 200 மில்லியன் டாலர் வரை ஒதுக்குவதாக அறிவித்தது. லேப்டாப்புகளில்தான் பெரும் பாதிப்பு. அங்கே பழுது சிப்புக்கும் அது உட்கார்ந்திருக்கும் பச்சைத் தகட்டுக்கும் நடுவே இருக்கும் மிகச் சின்ன ஈயப் புள்ளிகளில். சூடேறிச் சூடாறி அவை விரிசல் விட்டன. சூடுபடுத்தினால் விரிசல் தற்காலிகமாக ஒட்டிக்கொள்ளும், படம் வரும், சில நாளோ சில வாரமோ ஓடும், மறுபடி போகும். ரீபாலிங் செய்வதோ சிப்பின் தகட்டுக்கும் போர்டுக்கும் நடுவே உள்ள உருண்டைகளை மட்டும். உள்ளே இருக்கும் விரிசலை அது தொடவே இல்லை, சூடு பட்டதில்தான் உயிர் வந்தது. அன்று பரவிய பழக்கம் இன்றும் சில கடைகளில் எல்லா நோய்க்கும் ஒரே மருந்தாக இருக்கிறது. உதிர்ந்த கெப்பாசிட்டருக்கு அந்த மருந்தைச் சொன்னால் கார்டை வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள்.

மொபைல் ரிப்பேர் கடை என்ற வழி எனக்கு முதலில் தோன்றவே இல்லை. யோசித்துப் பாருங்கள், போன் போர்டில் வேலை செய்பவர் தினமும் கை வைப்பது என் கெப்பாசிட்டரில் பாதி அளவு, கால் அளவு பாகங்களில். மைக்ரோஸ்கோப் இருக்கிறது, சூடான காற்று ஊதும் ஹாட் ஏர் கருவி இருக்கிறது, நல்ல பிளக்ஸ் இருக்கிறது, ஜம்பர் அடித்து (அறுந்த இடத்தை மெல்லிய கம்பியால் இணைத்து) பழகிய கை. கிராபிக்ஸ் கார்டு என்றதும் சிலர் தயங்குவார்கள். அவர்களிடம் கார்டு ரிப்பேர் என்று சொல்லாதீர்கள், இந்த இடத்தில் இந்தக் கெப்பாசிட்டரை வைத்துத் தர வேண்டும் என்று பாகத்தையும் கையில் கொடுத்துக் கேளுங்கள். என்ன வேலை என்று நாம் கண்டுபிடித்துக் கொண்டுபோய்விட்டால் அவருக்கு அது பத்து நிமிட வேலை.

ஒரு எச்சரிக்கை. பற்களுக்கு மேலிருக்கும் கெப்பாசிட்டரின் இரண்டு முனையும் மெல்லிய சிக்னல் கோட்டில் உட்கார்ந்திருக்கும், அதனால் சூடு அங்கேயே நிற்கும், ஈயம் உடனே உருகும், போன் வேலைக்கான கருவியே போதும். சிப்புக்குப் பின்னாலும் மின்சாரப் பகுதியிலும் இருப்பவற்றின் ஒரு முனை கிரவுண்டில். கார்டின் போர்டு பல அடுக்கு, உள்ளே முழுத் தாளாகச் செம்பு ஓடுகிறது, அயர்னை வைத்த சூட்டையெல்லாம் அது உறிஞ்சிக்கொள்ளும். ஈயம் உருகாது, நாம் அழுத்துவோம், பேட் பெயர்ந்துவிடும். அங்கே போர்டை அடியிலிருந்து சூடாக்கும் பிரீஹீட்டர் இருப்பவரிடம்தான் போக வேண்டும்.

இனி நாமே வைப்பது. உண்மையைச் சொன்னால், ஒரு கெப்பாசிட்டருக்காக மட்டும் இந்த வழியில் இறங்கினால் காசு கட்டாது. எனக்கு டெம்பரேச்சர் கன்ட்ரோல் உள்ள ஸ்டேஷன், கூர்முனை ட்வீசர், பிளக்ஸ், ஈயத்தை உறிஞ்சி எடுக்கும் செம்புப் பின்னலான விக், 63-37 ஈயம் (63 பங்கு வெள்ளீயம், 37 பங்கு காரீயம்), தலையில் மாட்டும் லென்ஸ், சூடு தாங்கும் மஞ்சள் கேப்டன் டேப் எல்லாம் சேர்ந்து மூவாயிரத்தைத் தொட்டது. வீட்டில் ஏற்கனவே இருந்த 25 வாட் சாதா அயர்னை வைத்துச் செய்யலாமே என்று நானும் நினைத்தேன். அதற்குச் சூட்டைக் கட்டுப்படுத்தும் வசதி இல்லை, சும்மா வைத்திருந்தால் 400 டிகிரியைத் தாண்டிப் போகலாம், முனையும் கெப்பாசிட்டரைவிடப் பல மடங்கு தடிமன். வேண்டாம். இந்த வேலையைக் கற்றுக்கொள்ள ஆசை இருந்தால், இனிமேலும் கீபோர்டு, கன்ட்ரோலர் என்று எதையாவது சரிசெய்வோம் என்றால், அப்போது இந்த மூவாயிரம் நல்ல செலவு.

அடுத்த சிக்கல், எந்த மதிப்புக் கெப்பாசிட்டர்? செராமிக் கெப்பாசிட்டர் மேல் எழுத்தே இருக்காது, பழுப்பு உடம்பு, இரண்டு முனையில் வெள்ளி நிறம், அவ்வளவுதான். கார்டின் சர்க்யூட் வரைபடத்தையும் கம்பெனிகள் வெளியே கொடுப்பதில்லை. சிப்புக்குப் பின்னால், மின்சாரப் பகுதியில் போனதற்கு மதிப்புத் தெரிய அதே மாடல் செத்த போர்டு வேண்டும், அல்லது பக்கத்தில் அதே லைனில் இருக்கும் அதே அளவுக் கெப்பாசிட்டரைக் கழற்றி அளக்க வேண்டும். பற்களுக்கு மேலே உள்ளவற்றுக்கு இந்தத் தலைவலி இல்லை. மூன்றாம் தலைமுறை முதல் விதிமுறையே 176-லிருந்து 265 நானோஃபாரட் (கெப்பாசிட்டரின் கொள்ளளவைச் சொல்லும் அலகு) வரை என்று சொல்கிறது, எல்லாரும் வைப்பது 220. பழைய ஒன்று, இரண்டாம் தலைமுறைக் கார்டுகளில் பொதுவாக 100. ஆகவே எந்தக் கம்பெனியின் செத்த மூன்றாம் தலைமுறைக் கார்டு கிடைத்தாலும், அதே இடத்திலிருந்து எடுத்தால் அதே பாகம். ரிச்சி தெருவில் ஸ்கிராப் போர்டு விற்கும் ஒருவரிடம் 150 ரூபாய்க்கு ஒரு செத்த கார்டு வாங்கினேன். பாகமும் கிடைத்தது, பழகிப் பார்க்க ஒரு போர்டும் கிடைத்தது, என் மொத்தச் செலவிலேயே மிகவும் பிரயோஜனமான 150 ரூபாய் அதுதான். விழுந்த பழைய கெப்பாசிட்டரையே வைக்கலாமா என்றால், பற்களுக்கு மேலுள்ளது இரண்டு முனையும் முழுசாக, ஓரம் உடையாமல் இருந்தால் வைக்கலாம். 12 வோல்ட் பக்கத்தில் விழுந்ததை மட்டும் ஒருபோதும் திரும்ப வைக்காதீர்கள், கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருந்தால் பின்னால் ஒருநாள் அது ஷார்ட் ஆகி எரியும்.

செத்த போர்டில் மூன்று இரவு பழகினேன். ஒரு மில்லிமீட்டர் நீளம், அரை மில்லிமீட்டர் அகலம். 0402 என்று சொல்லும் அளவு. மூச்சு வேகமாக விட்டால்கூடப் பறந்துவிடும், ட்வீசரைக் கொஞ்சம் அழுத்திப் பிடித்தால் தெறித்து ஓடும். முதல் நாள் வைத்த ஆறில் இரண்டு நிமிர்ந்து நின்றுகொண்டன, ஒன்று தொலைந்தே போனது. மூன்றாம் நாள் பத்துக்குப் பத்து ஒழுங்காக உட்கார்ந்த பிறகுதான் என் கார்டை மேஜையில் வைத்தேன்.

தங்கப் பற்கள் முழுவதையும் கேப்டன் டேப்பால் மூடினேன். ஒரு சொட்டு ஈயம் அங்கே விழுந்தால் ஸ்லாட்டே கெட்டுவிடும். ஆடிக்கொண்டிருந்த கெப்பாசிட்டர் மேல் பிளக்ஸ் தடவி, அயர்னை 340 டிகிரியில் வைத்து, முனையில் கொஞ்சம் ஈயம் எடுத்துத் தொட்டேன். கம்பெனி ஈயம் காரீயம் கலக்காதது, 217 டிகிரிக்கு மேல்தான் உருகும், நம்முடைய 63-37 கலவை 183-லேயே உருகும். இரண்டும் கலந்ததும் பிடி இளகி, துணுக்கு அயர்ன் முனையிலேயே ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது. பிறகு விக் வைத்து இரண்டு பேட்களையும் சமப்படுத்தி, ஆல்கஹாலில் துடைத்தேன். இரண்டு குட்டிச் சதுரங்கள், வெள்ளி மாதிரி மின்னின. ஒன்றில் மட்டும் ஊசிமுனை ஈயம் வைத்தேன், ட்வீசரில் புதுக் கெப்பாசிட்டரைப் பிடித்துப் பக்கத்தில் வைத்து, அந்த ஈயத்தை உருக்கி உள்ளே தள்ளினேன். அயர்னை எடுத்து மூன்று எண்ணும்வரை ட்வீசரை அசைக்கவில்லை. அப்புறம் மறுமுனை, அப்புறம் முதல் முனைக்கு இன்னொரு துளி பிளக்ஸோடு ஒரு தொடல். ஒவ்வொரு தொடலும் இரண்டு நொடிக்குள். செராமிக் அதிக நேரம் ஒருபக்கச் சூடு தாங்காது, உள்ளே விரிசல் விட்டுவிடும்.

செருகிப் பார்த்தேன். 8 லேன். ஜிபியு-இசட்டில் பார்க்கும்போது பக்கத்தில் இருக்கும் கேள்விக்குறியை அழுத்தி ரெண்டர் டெஸ்ட்டை ஓடவிட்டுப் பாருங்கள், சும்மா இருக்கும்போது கார்டு மின்சாரம் மிச்சப்படுத்த வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்.

45 மில்லிமீட்டரில் காணாமல் போனதை நான் தொடவில்லை. லென்ஸில் பார்த்தபோதே தெரிந்தது, விழுந்த கெப்பாசிட்டர் ஒரு பக்கத்துச் செம்புப் பேடையும் பிய்த்துக்கொண்டு போயிருந்தது, செம்பு இருக்க வேண்டிய இடத்தில் போர்டின் நார் தெரிந்தது. அதற்குக் கோட்டின் மேலிருக்கும் பச்சைப் பூச்சைச் சுரண்டி, முடி மாதிரி மெல்லிய எனாமல் கம்பியில் ஜம்பர் அடிக்க வேண்டும், அதுவும் வேகமான சிக்னல் என்பதால் முடிந்தவரை குட்டையாக. மூன்று இரவுப் பழக்கத்துக்கு அது அதிகம். 8 லேனில் எல்லா கேமும் நன்றாகவே ஓடியது, நான் மேலே சொன்ன என் தீர்ப்புப்படியே விட்டிருக்கலாம், இரண்டு வாரம் விட்டும் இருந்தேன்.

வேறு கார்டு வாங்குவதையும் அந்த இரண்டு வாரத்தில் கணக்குப் போட்டேன். பழைய 1660 சூப்பர் நல்ல நிலையில் ஒன்பதாயிரம், பத்தாயிரம் என்று சொன்னார்கள். என்னுடையதை உள்ளதைச் சொல்லி விற்றால் பாதிகூடத் தேறாது, சொல்லாமல் விற்க மனசு வராது. ஓடுகிற கார்டைக் கழிப்பதில் அர்த்தமில்லை. சிப்போ மெமரியோ போய்த் திரையில் கட்டம் கட்டமாக, கோடு கோடாக வருகிறவர்களுக்கு என் ஆலோசனை வேறு: கார்டு ஐந்து வருடத்தைத் தாண்டியிருந்தால் பணம் போடாதீர்கள், பாகத்துக்காக வாங்குபவரிடம் கொடுத்துவிட்டு அந்தக் காசைப் புதுக் கார்டில் சேருங்கள்.

அம்மாவின் போனுக்கு சார்ஜிங் பின் மாற்றத் தெருமுனை மொபைல் கடைக்குப் போனபோது மைக்ரோஸ்கோப்பைப் பார்த்தேன். மறுநாள் கார்டையும் ஒரு காகித மடிப்பில் இரண்டு கெப்பாசிட்டரையும் எடுத்துக்கொண்டு போனேன். “இது என்ன தம்பி, கம்ப்யூட்டர் போர்டா? நான் இதெல்லாம் பண்றதில்லையே” என்றார். “போர்டைப் பாக்க வேணாம்ணா, இந்த ஒரு இடத்துல மட்டும் இதை வெச்சு, பிஞ்ச பக்கம் ஒரு ஜம்பர் அடிச்சுக் குடுங்க” என்று போனில் எடுத்த படத்தைக் காட்டினேன். கொஞ்ச நேரம் படத்தையே பார்த்தார், கார்டை வாங்கி லென்ஸுக்கு அடியில் வைத்தார். பிளேடு முனையால் கோட்டின் பூச்சைச் சுரண்டி, செம்பு மின்னியதும் ஈயம் பூசி, கம்பியை வைத்து, கெப்பாசிட்டரை உட்காரவைத்து, மேலே பச்சை யுவி பசை ஒரு சொட்டு விட்டு நீல லைட்டில் காயவைத்தார். நான் வைத்ததையும் பார்த்தார். “இது யாரு வெச்சது?” என்றார், நான்தான் என்றேன், “ஈயம் கொஞ்சம் ஜாஸ்தி, பரவால்ல, புடிச்சிருக்கு” என்றார். 300 ரூபாய்.

வீட்டுக்கு வந்து, கொக்கி டிக் என்று விழும் சத்தம் கேட்கும்வரை கார்டை அமுக்கிச் செருகி, ரெண்டர் டெஸ்ட்டை ஓடவிட்டேன். 16-க்கு 16. நான்கு மாதமாகிறது, வாரம் ஒருமுறை அந்த வரியைத் திறந்து பார்க்கிறேன், இன்னும் 16-தான்.